கடைசி 20 நிமிடம்: எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி முன்னேறியதா?

வட சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்தவன். அதனால் கல்லூரி அணி எங்கே ஆடினாலும் ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கோட்டோரம் உட்கார்ந்துவிடுவேன். எந்த நிமிடத்தில் கோல் விழுந்தது, எதிரணி எத்தனை முறை நம் கோலுக்குள் போகிற மாதிரி உதைத்தது, ஆட்டம் காலையா மதியமா என்று இரண்டு சீசனாக அதில் குறித்து வைத்திருக்கிறேன். யாரும் கேட்டு எழுதியதில்லை.

இந்த மார்ச்சில் அந்த நோட்டுக்கு வேலை வந்தது. எங்கள் பி.டி. சார் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, கையில் இருந்த தாளை என் மேஜையில் வைத்தார். போன சீசன் 9 ஆட்டம்: 3 வெற்றி, 1 சமன், 5 தோல்வி. இந்த சீசன் 13 ஆட்டம்: 8 வெற்றி, 2 சமன், 3 தோல்வி, ஒரு கோப்பை. “இதை வச்சு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க சார். கமிட்டிக்குப் போகணும்.”

கமிட்டிக்கு ஏன் போக வேண்டும் என்றால், போன ஜூலையில் நிர்வாகம் ஒரு வருடச் சோதனையாக ஒரு செலவுக்கு ஒப்புக்கொண்டிருந்தது. பையன்களுக்குக் காலை 6 மணிப் பயிற்சி. முடிந்ததும் மெஸ்ஸில் இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு டம்ளர் பால். அணி முன்னேறியிருந்தால் சாப்பாடு தொடரும், இல்லையென்றால் நிற்கும். 22 பையன்களின் காலைச் சாப்பாடு அந்த இரண்டு பக்கத்தில் இருந்தது. எனக்குப் பிடித்த பதிலை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு எண் தேடும் ஆசை நிறையவே இருந்தது. அதனால்தான் கூடுதல் கவனத்தோடு உட்கார்ந்தேன்.

தோல்வி எண்ணிக்கையில் ஒரு சிக்கல்

தாளைப் பார்த்ததும் 5 தோல்வி 3 ஆனதுதான் எல்லோர் கண்ணிலும் படும். அதைத்தான் முதலில் கோடு போட்டு அடித்தேன்.

நம்மூர்க் கல்லூரிகள் ஆடும் போட்டித் தொடர்கள் பெரும்பாலும் நாக்-அவுட். தோற்றால் அன்றைக்கே பையைக் கட்ட வேண்டியதுதான். கோப்பை வாங்கும் ஒரே அணியைத் தவிர மற்ற எல்லா அணியும் ஒவ்வொரு தொடரிலும் சரியாக ஒருமுறை வெளியேறும். அப்படிப் பார்த்தால் தோல்வியின் எண்ணிக்கை எதைச் சொல்கிறது? எத்தனை தொடருக்குப் பெயர் கொடுத்தோம் என்பதை. போன வருடம் 6 தொடருக்குப் போனோம்: ஐந்தில் தோல்வி, ஒன்றில் பெனால்டி ஷூட்-அவுட்டில் வெளியே. இந்த வருடம் 4 தொடர்தான் கிடைத்தது. வடகிழக்குப் பருவமழையில் ஒன்று ரத்தானது, இன்னொன்று செமஸ்டர் தேர்வோடு மோதியது. நான்கில் ஒன்றை ஜெயித்தோம், மூன்றில் தோற்றோம். ஆக, 5 என்பது 3 ஆனதில் பாதி மழையின் கைங்கரியம்.

அப்புறம் கோப்பை. இறுதி ஆட்டம் சமனில் முடிந்து ஷூட்-அவுட்டில்தான் ஜெயித்தோம். அதே தொடரின் அரையிறுதியும் அப்படியே. கால்பந்து விதிப்படி ஷூட்-அவுட் ஆட்டத்தின் பகுதியாகாது. ஆட்டம் சமன் என்றுதான் பதிவாகும், யார் அடுத்த சுற்றுக்குப் போவது என்பதைத் தீர்க்கும் வழி மட்டுமே அது. ஷூட்-அவுட்டைப் பூவா தலையா என்று வைத்துக்கொண்டால், இரண்டு முறை சுண்டி இரண்டு முறையும் நம் பக்கம் விழுவது நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தக் கோப்பையைப் பையன்கள் தோளில் தூக்கிக்கொண்டு கேம்பஸைச் சுற்றியபோது நானும் கூடவே ஓடினேன். ஆனால் அறிக்கையில் அதைச் சான்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்னையின் எஃப்.சி.யைத் துணைக்கு அழைத்தேன்

இதைச் சொன்னதும் பி.டி. சாருக்கு முகம் வாடிவிட்டது. “கோப்பையே கணக்குல வராதுன்னா என்ன சார் அர்த்தம்?” அவருக்கு நான் சொன்ன கதை, நேரு ஸ்டேடியத்துக்குப் போய்க் கத்திவிட்டு வந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

2018 மார்ச் 17ஆம் தேதி பெங்களூருவில் பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என்று வென்று நம் ஊர்த் தொழில்முறை அணியான சென்னையின் எஃப்.சி. இரண்டாவது முறையாக இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சாம்பியன் ஆனது. அடுத்த சீசனில் அதே அணி 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 சமன், 13 தோல்வி. 9 புள்ளி, பத்து அணிகளில் கடைசி இடம். சரி, அணி சரிந்துவிட்டது என்று முடிவு கட்டினால், அடுத்த சில வாரத்தில், 2019 ஏப்ரலில், சூப்பர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் வந்து நிற்கிறது. கோவாவிடம் 2-1 என்று தோற்றது. கடைசி இடத்தில் இருந்த அணி ஒரு நாக்-அவுட் தொடரில் இறுதிவரை வரலாம். அதனால்தான் ஒரே ஒரு தொடரை வைத்து ‘முன்னேறிவிட்டோம்’ என்று எழுதப் பயப்படுகிறேன் என்றேன்.

அடுத்த சீசன் இன்னும் பெரிய பாடம். 2019-20ல் 29 புள்ளி, நான்காம் இடம், இறுதி ஆட்டம் வரை. 9க்கும் 29க்கும் இடையில் என்ன நடந்தது? முதல் 6 ஆட்டம் பயிற்சியாளர் ஜான் கிரிகரியின் கீழ்: 5 புள்ளி, அடித்தது 4 கோல், வாங்கியது 10. நவம்பர் கடைசியில் அவர் விலக, டிசம்பரில் ஓவன் கோயல் பொறுப்பேற்றார். மீதி 12 ஆட்டத்தில் 24 புள்ளி, அடித்தது 28, வாங்கியது 16. ஆட்டத்துக்கு ஒரு புள்ளிகூட எடுக்காத அணி ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி எடுக்கும் அணியாக மாறியது. பயிற்சியாளரை மாற்றினால் போதும் என்று அன்றைக்கு டீக்கடையில் பேசாதவர் யார்?

ஆனால் எதிரணிகளின் பெயரை எழுதிப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறும். அந்த முதல் ஆறில் கோவா, கொல்கத்தாவின் ஏ.டி.கே., பெங்களூரு ஆகிய மூன்றும் இருந்தன. சீசன் முடிவில் முதல் மூன்று இடம் அவற்றுக்குத்தான். கேரளா, ஜாம்ஷெட்பூர், நார்த் ஈஸ்ட் ஆகிய மூன்றும் 7, 8, 9ஆம் இடத்தில் முடித்த அணிகள். அவற்றோடு ஆட வேண்டிய ஆறு ஆட்டமும் கோயல் காலத்தில்தான் வந்தன. அதில் 14 புள்ளி, 18 கோல்.

அதனால் கிரிகரி சந்தித்த அதே ஆறு அணிகளைக் கோயல் சந்தித்தபோது என்ன ஆனது என்று மட்டும் பார்க்க வேண்டும். கோவாவிடம் 3-4, ஒடிசாவிடம் 0-2 என்று தோல்வி; ஐதராபாத்தை 3-1, ஏ.டி.கே.யை 3-1, மும்பையை 1-0 என்று வெற்றி, பெங்களூருவோடு 0-0. மொத்தம் 10 புள்ளி. 5 என்பது 10 ஆனது. 4 கோல் 10 கோல் ஆனது. வாங்கியது 10ல் இருந்து 8. முன்னேற்றம் உண்மை. அது எங்கே நடந்தது என்பதும் தெரிகிறது: வல்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ இருந்த முன்களத்தில். பின்களத்தில் பெரிதாக மாற்றமில்லை. மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டுமே தெரிந்திருக்காது.

“அப்போ நமக்கும் அதே மாதிரி போட்டுப் பாருங்க” என்றார் பி.டி. சார்.

ஒரே எதிரணிகள்

இரண்டு சீசனிலும் நாங்கள் சந்தித்த கல்லூரிகள் ஐந்து. போன வருடம் அந்த ஐந்தோடு 1 வெற்றி, 4 தோல்வி. அடித்தது 4, வாங்கியது 11. இந்த வருடம் அதே ஐந்தோடு 2 வெற்றி, 2 சமன், 1 தோல்வி. அடித்தது 5, வாங்கியது 5.

இதைப் போட்டதும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். முதல் சுற்றில் ஒரு புது அணியை 5-0 என்று அடித்தோமே, அந்த மாதிரி ஆட்டங்களால்தான் இந்த வருட கோல் கணக்கு வீங்கியிருந்தது. பழைய எதிரிகளுக்கு முன்னால் நம் ஃபார்வர்டுகள் போன வருடம் எப்படியோ இந்த வருடமும் அப்படியே. மாறியிருப்பது முழுக்க முழுக்க டிஃபன்ஸ். வாங்கிய கோல் பாதிக்கும் கீழே.

மொத்த ஆட்டங்களுக்கும் பார்த்தேன். போன வருடம் 9 ஆட்டத்தில் 17 கோல் வாங்கினோம், இந்த வருடம் 13 ஆட்டத்தில் 12. அடுத்து நிமிட வாரியாகப் பிரித்தேன். போன வருடம் அந்த 17ல் 9 கோல் கடைசி 20 நிமிடத்தில் விழுந்தவை. ஆட்டத்துக்கு ஒன்று. இந்த வருடம் 12ல் 3தான் அந்த நேரத்தில் விழுந்தவை. அதற்கு முந்தைய நேரத்தில் இரண்டு வருடத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை: 9 ஆட்டத்தில் 8, 13 ஆட்டத்தில் 9.

அதாவது ஆட்டம் தொடங்கி முக்கால்வாசி நேரம்வரை எங்கள் அணி போன வருடத்தைவிடக் கொஞ்சம் மேல். கடைசி 20 நிமிடத்தில் வேறு அணி.

ரைட் பேக்

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ரைட் பேக், அதாவது பின்களத்தில் வலது ஓரம் காப்பவன், இப்போது இரண்டாம் ஆண்டு. போன சீசன் செப்டம்பரில் ஒரு மதிய ஆட்டம். மூன்று மணி வெயில், புல் இல்லாத தரை, உதைத்தால் புழுதி எழும்பும் மைதானம். 1-1. ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது கோட்டோரம் என் காலடியிலேயே விழுந்தான். இரண்டு ஆடுசதையும் பிடித்துக்கொண்டது. தோலுக்கு அடியில் எலிக்குட்டி ஓடுகிற மாதிரி தசை துடிப்பதை நான் பார்த்தேன். இன்னொரு பையன் வந்து ஷூவின் முனையைப் பிடித்து முழங்காலை நோக்கி அழுத்திக்கொண்டே, “மூச்சு விடுடா, மூச்சு விடு” என்றான். மாற்று ஆள் தீர்ந்துவிட்டது. அவன் எழுந்து நொண்டிக்கொண்டே போய் நின்றான். எதிரணிக்காரன் அந்தப் பக்கமாகவே வந்தான், இரண்டு முறை வந்தான், இரண்டும் கோல்.

ஆட்டம் முடிந்து கேட்டேன். “என்னடா சாப்பிட்ட?”

“டீ குடிச்சேன் சார்.”

“காலையில?”

“அதான் சார் காலையில.”

ராத்திரி இரண்டரைக்கு அப்பாவோடு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஐஸ் பெட்டி இறக்கிவிட்டு, ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்துவிட்டு நேராகக் கல்லூரிக்கு வந்திருக்கிறான். மதியச் சாப்பாட்டை ஆட்டத்துக்கு முன்னால் சாப்பிட்டால் வயிறு கனக்கும் என்று அதையும் விட்டுவிட்டான். இரண்டு வேளை காலி வயிற்றோடு மூன்று மணி வெயிலில் ஓடியிருக்கிறான். அன்றைக்கு அவனைத் திட்டியவர்களில் நானும் ஒருவன், ‘ஸ்டாமினா இல்லை’ என்று. அவனுக்கு இல்லாமல் போனது ஸ்டாமினாவா?

நோட்டைப் புரட்டினால் இந்த மாதிரி இன்னும் பக்கங்கள் இருக்கின்றன. பிடிப்பு வந்து உட்கார்ந்தவர்களின் ஜெர்சி எண்ணை ஓரத்தில் வட்டமிட்டு வைப்பேன். போன வருடப் பக்கங்களில் வட்டங்கள் நெருக்கமாக இருக்கும். இந்த வருடம் ஒரு முழுத் தொடருக்கும் ஒரு வட்டம்கூட இல்லை.

வேறு காரணங்கள்

முன்னேற்றம் எங்கே என்று தெரிந்துவிட்டது. அதற்குச் சாப்பாடும் பயிற்சியும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியுமா? மூன்று சந்தேகங்கள் இருந்தன.

முதலாவது நேரம். இந்த வருடம் காலை ஆட்டங்கள் அதிகம் கிடைத்தன. காலை ஏழு மணிக்கு ஆடுபவன் கடைசிவரை ஓடுவதில் என்ன அதிசயம்? அதனால் மதிய ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்தேன். போன வருடம் 6 மதிய ஆட்டத்தில் கடைசி 20 நிமிடத்தில் வாங்கியது 7 கோல். இந்த வருடம் 5 மதிய ஆட்டத்தில் 2. வெயிலைச் சமன் செய்த பிறகும் வித்தியாசம் நிற்கிறது.

இரண்டாவது, கோலி (கோல்கீப்பர்). இந்த வருடம் முதலாம் ஆண்டில் ஒரு பையன் வந்து சேர்ந்தான், நீளக் கை, பயமே கிடையாது. போன வருடம் நம் கோலுக்குள் போகிற மாதிரி வந்த 58 உதைகளில் 17 கோலானது. இந்த வருடம் 55ல் 12. பழைய விகிதத்திலேயே போயிருந்தால் 16 ஆகியிருக்கும், ஆக நாலு கோலைப் பையன் தடுத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் நாலு கோல் அதிர்ஷ்டத்திலும் வரும், போகும். ஆனாலும் அவன் பங்கை மறுக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: கடைசி 20 நிமிடத்தில் அவனிடம் வந்து சேர்ந்த உதைகளே குறைந்துவிட்டன. போன வருடம் 9 ஆட்டத்தில் 26, இந்த வருடம் 13 ஆட்டத்தில் 19. கோலிவரை பந்து வருவதற்கு முன்னாலேயே யாரோ ஓடிப்போய் மறித்திருக்கிறார்கள்.

மூன்றாவதை விளக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு வருடம் மிக மோசமாக ஆடிய அணி, யாரும் எதுவும் செய்யாவிட்டால்கூட, அடுத்த வருடம் ஓரளவு மேலே வரும். 1886ல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர் பிள்ளைகளின் உயரத்தை அளந்து சொன்னது இதைத்தான்: மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடக் கொஞ்சம் குட்டை, மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் கொஞ்சம் உயரம். மோசமான சீசன் என்பதில் திறமைக் குறைவும் கெட்ட நேரமும் கலந்திருக்கும். கெட்ட நேரம் அடுத்த வருடமும் அதே அளவில் திரும்பி வராது. இந்த மீட்சி எங்கள் எண்களிலும் இருக்கும். ஆனால் அப்படி மட்டும் என்றால் அது ஆட்டம் முழுக்கப் பரவி வர வேண்டும். கடைசி 20 நிமிடத்தில் மட்டும் வந்து குவிவதற்கு வேறு காரணம் வேண்டும்.

இதையெல்லாம் எழுதும்போது சார்லஸ் ரீப் அடிக்கடி நினைவுக்கு வந்தார். 1950ல் இங்கிலாந்தில் ஒரு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே நோட்டில் குறிக்கத் தொடங்கி, வாழ்நாள் முழுக்கக் குறித்தவர். என் போன்றவர்களுக்கு முன்னோடி. பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் வருகின்றன, அதனால் பந்தை நேராக முன்னால் தூக்கி அடியுங்கள் என்றார். மூன்று பாஸுக்குள் முடிந்துபோகும் முயற்சிகள்தானே எண்ணிக்கையிலேயே அதிகம், கோலும் அங்கேதானே அதிகமாக இருக்கும் என்பதை அவர் கழித்துப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் கவனமாக எண்ணியவருக்கே அது நடந்தது என்றால் என் நோட்டு எம்மாத்திரம் என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை பார்த்தேன்.

எங்கள் பக்கத்துக் குறை ஒன்று. உடல்தகுதியை நேரடியாக அளக்க பீப் டெஸ்ட் இருக்கிறது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு, மணி அடிப்பதற்குள் மறு கோட்டைத் தொட வேண்டும். மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 ஏறிக்கொண்டே போகும். செலவே கிடையாது, ஒரு செல்போன் போதும். போன வருடம் நாங்கள் அதை எடுக்கவில்லை. இந்த வருடம் ஜூலையிலும் டிசம்பரிலும் எடுத்தோம். ரைட் பேக் ஜூலையில் 7ஆம் படியில் நின்றான். டிசம்பரில் 10ஐ முடித்தான். கடைசிப் படியில் அவன் ஓடியது மணிக்கு 13 கி.மீ. வேகம். போன வருட எண்ணும் கையில் இருந்திருந்தால் பாதிப் பக்கத்தில் அறிக்கை முடிந்திருக்கும்.

முட்டையா ஓட்டமா

கமிட்டியில் ஒருவர் கேட்ட கேள்வி நியாயமானது. “காலைப் பயிற்சிதான் காரணம்னா அதை மட்டும் வெச்சுக்கலாமே, சாப்பாடு எதுக்கு?”

இரண்டும் ஒரே நாளில் தொடங்கின. என் எண்களால் இரண்டையும் பிரிக்க முடியாது, அதை அப்படியே சொன்னேன். பிரிக்க வேண்டுமென்றால் அடுத்த வருடம் பாதிப் பேருக்குச் சாப்பாடு கொடுத்து, பாதிப் பேரை வெறும் வயிற்றில் ஓடவிட்டு எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு நான் நோட்டு தூக்க மாட்டேன் என்றும் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஐஸ் பெட்டி இறக்கிவிட்டு வரும் பையனை ஆறு மணிக்குக் கூப்பிட்டு ஓடவிட்டு, பசியோடு வகுப்புக்கு அனுப்பும் பயிற்சியை யாரும் பயிற்சி என்று சொல்ல மாட்டார்கள். பி.டி. சார் மேஜைக்கு அடியில் என் கையைத் தட்டினார்.

அறிக்கையில் கடைசியாக எழுதியது இவ்வளவுதான். அணி முன்னேறியிருக்கிறது. கோப்பை காட்டும் அளவுக்கு இல்லை, ஆனால் நிச்சயமாக. அந்த முன்னேற்றம் கடைசி 20 நிமிடத்தில், பின்களத்தில் இருக்கிறது. முன்களத்தில் முன்னேற்றம் இல்லை. முதல் பதினொன்றில் 5 பேர் மூன்றாம் ஆண்டு, இந்த மே மாதத்தோடு போய்விடுவார்கள். அதனால் அடுத்த சீசன் வெற்றி எண்ணிக்கை குறைந்தாலும், கடைசி 20 நிமிடக் கணக்கைப் பார்க்காமல் திட்டத்தை நிறுத்தக் கூடாது. சாப்பாடும் பயிற்சியும் சேர்ந்தே தொடர வேண்டும், ஜூலை முதல் வாரமே பீப் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

இன்னும் ஒரு வருடத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

பையன்களுக்கு மெஸ்ஸில் வைத்து அந்த இரண்டு பக்கத்தையும் படித்துக் காட்டினேன். ரைட் பேக் முட்டை ஓட்டை உரித்துக்கொண்டே கேட்டான். கடைசி 20 நிமிடம் வந்தபோது நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. முன்களத்தைப் பற்றிய வரி வந்ததும் ஃபார்வர்டு பையன்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“சார், பழைய காலேஜுங்க கூட அஞ்சு மேட்ச்ல அஞ்சு கோல்தானா?” என்றான் ரைட் பேக்.

“ஆமாடா.”

“நான் இப்போ கடைசி வரைக்கும் மேல ஏறிப் போறேனே சார். நான் உள்ள போட்ட கிராஸ் எத்தனைன்னு நோட்டுல இருக்கா?”

இல்லை. கிராஸ் என்றால் ஓரத்திலிருந்து கோல் முன்னால் தூக்கிப் போடும் பந்து. இரண்டு வருடமும் எதிரணி உதைத்ததை எண்ணிய அளவுக்கு நாம் போட்டதை நான் எண்ணவில்லை. அங்கேயே நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பிக் கோடு போட்டேன். வலது பக்கக் கிராஸ், இடது பக்கக் கிராஸ், நம் ஆள் தலையில் பட்டது, படாதது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் 40 கிராஸ் போட்டான். அதில் 11 நம் ஆளைத் தேடிப் போனது.